அப்பா படித்துக்காட்டிய கல்வெட்டு

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அப்பா குனிந்துவிடுவார். அடிப்பகுதியில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளுக்குத்தான் அவருடைய முதல் கும்பிடு.

அப்பாவின் தலைத்திதி முடிந்ததும் முதலில் இந்தக் கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பிரதோஷத்தன்று போனோம். நந்திக்கு அபிஷேகம் பார்த்துவிட்டு உள்ளே போனோம். பெருவுடையாருக்குத் தீபாராதனை காட்டியபோது, "அவரை உன் காலடியிலேயே வச்சுக்கோப்பா" என்று அம்மா முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. அதற்கு மேல் நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

அப்பா புவி இயற்பியலாளர். நிலத்தில் ஒரே நேர்கோட்டில் நான்கு கம்பிகளை அடித்து, வெளிக்கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார். தண்ணீர் ஏறிய பாறைப் பிளவு இருந்தால் மின்தடை குறையும். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க இன்னும் ஆழத்தின் சேதி கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாததை அளவால் அறிவதுதான் அவர் தொழில். அதனாலோ என்னவோ, சாமி கும்பிடுவதற்கும் அறிவியலுக்கும் சண்டை என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

பிராகாரத்தில் நடக்கும்போது என் உள்ளங்கையைக் கருங்கல்லில் வைக்கச் சொல்வார். "அம்மாடி, இந்தச் சுற்றுவட்டாரத்தில் இந்தப் பாறை கிடையாது. அத்தனையும் வெளியிலிருந்து வந்தது" என்பார். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிழலையே காட்டிவிடுவார். உச்சிக்கல் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். பல கற்களைச் சேர்த்துக் கட்டியது அது. இல்லாத பெருமை இந்தக் கோயிலுக்கு எதற்கு என்பது அவர் கட்சி.

இருக்கும் பெருமை கல்வெட்டில் இருக்கிறது. "நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" ஸ்ரீவிமானத்திலே கல்லில் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். அக்கன் என்பது அவன் அக்காள் குந்தவை. அரசனுடைய 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் விமானத்து உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்ததும் அதில் இருக்கிறது. எடை, அந்தக் கால அளவில் 3083 பலம். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல், நகைகளை நிறுக்க தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல். எடைக்கல்லுக்கும் இறைவன் பெயர்! முத்து கோத்த நகையை நிறுத்தால் 'சரடு நீக்கி' என்று எழுதுவார்கள். நூலின் எடை சாமி கணக்கில் ஏறிவிடக் கூடாதல்லவா? ரத்தினக் கல்லில் பழுது இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லியிருப்பார்கள். இந்த இடங்களை வாசிக்கும்போதெல்லாம் அப்பாவுக்குக் குரல் தழுதழுக்கும். பக்தி என்றால் இந்த நேர்மைதான் என்று அவர் நம்பினார். நானும் நம்புகிறேன்.

வீட்டில் அவர் சேர்த்த பழம்பொருள்களுக்கும் இப்படியே ஒரு நோட்டு வைத்திருந்தார். ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, மரக்கால் என்று பழைய அளவைகள் மேல்தான் அவருக்கு ஆசை அதிகம். ஒரு பித்தளை உழக்கு, விளிம்பில் கட்டைவிரல் அளவுக்கு நசுங்கல், அடியில் யாரோ ஆணியால் கீறிய இரண்டெழுத்து. அதைத் தண்ணீர் ஊற்றி அளந்து, எவ்வளவு பிடிக்கிறது, நசுங்கலால் எவ்வளவு குறைகிறது, யார் வீட்டுப் பொருள், எந்தப் பாட்டி எதற்காகப் பயன்படுத்தினார் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார்.

சாமி சிலை மட்டும் வாங்கவே மாட்டார். தரகர் யாராவது பேச்செடுத்தால், "கோயிலில் இருக்க வேண்டியவருக்கு நம்ம வீட்டு அலமாரியில் என்ன வேலை?" என்று அனுப்பிவிடுவார். திருட்டுப்போன ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தபோது, வீட்டுக்கு வந்த உறவினரை வரவேற்பதுபோல அன்று விளக்கேற்றிச் சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னார்.

இந்த முறை கல்வெட்டை என் மகனுக்கு நான் படித்துக்காட்டினேன். சில எழுத்துகளில் தடுமாறினேன். அவனுக்கு 'சரடு நீக்கி' மிகவும் பிடித்துப்போயிற்று. அப்புறம் கருவூர்த்தேவர் சன்னதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். ராஜராஜேச்சரம் என்று பெயர் பெற்ற இந்தக் கோயிலைத் திருவிசைப்பா என்னும் சைவப் பாடல் தொகுப்பில் பாடியவர் அவர்.

அப்பாவின் நோட்டில் சில பொருள்களுக்கு எதிரே 'கேட்க வேண்டும்' என்று மட்டும் இருக்கிறது. அவற்றைத் தம்பியும் நானும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். முதலில் கும்பகோணம் அத்தையிடம் போக வேண்டும். மூடி இல்லாத அந்த வெற்றிலைச் செல்லம் யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும்.