குப்பியில் இருப்பது என்ன?

தோல் மருத்துவமனையின் சிகிச்சை அறையில் செவிலியராகப் பணியாற்றும் எனக்கு, மீசோதெரபி (தோலின் மேலடுக்குகளில் பல புள்ளிகளில் சிறு ஊசியால் மருந்து செலுத்தும் சிகிச்சை) செய்துகொள்ள வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். வலிக்குமா என்பார்கள், எத்தனை முறை வர வேண்டும் என்பார்கள். தோலுக்குள் செலுத்தப்போகும் மருந்து எது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சியும், தோலின் பள்ளங்களை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டால் முகத்தின் சாயலே மாறிவிடுமோ என்று தயங்கியும், சின்ன ஊசிதானே என்ற நம்பிக்கையில் இதை மாற்று வழியாகத் தேடி வருகிறார்கள். ஊசி சின்னதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் மீசோதெரபி என்பது மருந்தைச் செலுத்தும் ஒரு முறை மட்டுமே. அந்த முறையில் எந்த மருந்தையும் செலுத்திவிட முடியும் என்பதுதான் அதன் வசதியும் ஆபத்தும்.

இந்த முறை அழகுக்காகத் தோன்றியதன்று. 1952-ஆம் ஆண்டில் மிஷேல் பிஸ்தோர் என்ற பிரெஞ்சு மருத்துவர், ஆஸ்துமாவால் அவதிப்பட்ட ஒருவருக்கு, மரத்துப்போகச் செய்யும் மருந்தான புரோகெயினைச் செலுத்தினார். ஆஸ்துமாவில் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும், நெடுங்காலமாக மந்தமாக இருந்த செவித்திறன் சிறிது மேம்பட்டதாக அந்த நோயாளி சொல்லவே, காதைச் சுற்றித் தோலின் மேலடுக்குகளில் அதே மருந்தைச் சிறு அளவுகளில் செலுத்திப் பார்க்கத் தொடங்கினார் பிஸ்தோர். 1958-இல் இதற்குப் பெயர் சூட்டினார். வலி நிவாரணத்துக்கே பெரிதும் பயன்பட்டுவந்த இம்முறை, பின்னாளில்தான் சுருக்கம், மங்கு, முடி உதிர்தல், கொழுப்புத் திரட்சி என்று அழகுச் சிகிச்சையின் பக்கம் திரும்பியது. தொடக்கத்தில் குப்பியில் இருந்தது பெயர் தெரிந்த ஒரே ஒரு மருந்து என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

செய்முறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரத்துப்போகும் களிம்பைத் தடவிக் காத்திருந்து, தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, ஏறத்தாழ 4 மி.மீ. நீளமுள்ள மெல்லிய ஊசியால், நெருக்கமான பல புள்ளிகளில், ஒவ்வொன்றிலும் ஒரு துளிக்கும் குறைவாக மருத்துவர் மருந்தை இறக்குவார். சிவத்தலும் சிறு வீக்கமும் விரைவில் தணியும். கன்றிப்போன இடங்கள் தெளியச் சில நாள்கள் பிடிக்கும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும், அந்த இடத்தில் தொற்று உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ஊசி குத்திய இடத்திலேயே புதிய படை தோன்றக்கூடும் என்பதால், அதையும் தவறாமல் விசாரிப்போம்.

சிக்கல் தொடங்குவது கலவையில். ஹைலூரானிக் அமிலம், வைட்டமின்கள், அமினோ அமிலங்கள், குளுட்டாதியோன், டிரானெக்ஸாமிக் அமிலம் என்று பலவற்றை ஒரே சிரிஞ்சில் சேர்ப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. முகம் பொலிவு பெற்றால் எந்தப் பொருளால் பெற்றது என்று சொல்ல முடியாது. தடிப்பும் அரிப்பும் வந்தால் எதனால் வந்தன என்றும் சொல்ல முடியாது. உடலுக்கு நல்லது என்று உண்ணும் சத்தெல்லாம் தோலுக்குள் ஊசியாகப் போனாலும் நல்லதாகவே இருக்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கண்ணுக்கு அக்கலவை தெளிவாக இருந்தால் போதும் என்று வாதிடுபவர்களும் உண்டு. அவர்களோடு விவாதிப்பதை நான் விட்டுவிட்டேன்.

கொழுப்பைக் கரைக்கும் ஊசி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாஸ்படைடில்கோலின், டீஆக்ஸிகோலேட் என்ற இரு பொருள்களைக் கலந்து, உடம்பின் எந்தப் பகுதிக் கொழுப்பையும் கரைத்துவிடுவதாக விளம்பரம் செய்த சில நிலையங்களுக்கு 2010-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே அமைப்பு 2015-இல், டீஆக்ஸிகோலேட்டின் அமில வடிவமான டீஆக்ஸிகோலிக் அமிலத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் அந்த ஒப்புதல் தாடைக்கு அடியிலுள்ள கொழுப்புக்கு மட்டுமே. ஒரு புள்ளிக்கு 0.2 மி.லி., புள்ளிகளுக்கிடையே 1 செ.மீ. இடைவெளி, ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது ஒரு மாதம் என்று எல்லாம் வரையறுக்கப்பட்டவை. அப்படியும் வீக்கம், மரத்துப்போதல், அரிதாகச் சிரிக்கும்போது வாய் கோணுதல் போன்ற விளைவுகள் உண்டு. ஒரு மருந்து, ஒரு அளவு, ஓர் இடம் என்று வரையறுத்ததால்தான் அதைச் சோதித்துப் பார்க்கவும் முடிந்தது, விளைவுகளை முன்கூட்டியே சொல்லவும் முடிகிறது.

வேறோர் இடத்தில் தொடையில் ஊசி போட்டுக்கொண்டு, சில வாரங்களுக்குப் பிறகு எங்களிடம் வந்த ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. ஊசி குத்திய வரிசையிலேயே ஊதா நிறக் கட்டிகள் எழும்பியிருந்தன. சில உடைந்து கசிந்தன. வழக்கமான ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளுக்கு அவை அடங்கவில்லை. தண்ணீரிலும் மண்ணிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியா வகைத் தொற்று என்று பரிசோதனையில் தெரியவந்தது. சுத்தமற்ற நீர் பட்ட கருவிகளாலோ மாசுபட்ட மருந்தாலோ இது வரும். குணமாகப் பல மாதச் சிகிச்சை தேவைப்படும். என்ன மருந்து போட்டார்கள் என்று மருத்துவர் கேட்டபோது, “வைட்டமின் என்றுதான் சொன்னார்கள், மேடம்” என்றார் அவர். ஊசி போட்ட நிலையத்திலும் அதற்கான குறிப்பு எதுவும் இல்லை.

எங்கள் சிகிச்சை அறையில் குப்பியை நோயாளியின் கண்முன்னேதான் திறப்போம். மருந்தின் பெயர், செறிவு, தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, ஒரு நகலை அவரிடமும் தருவோம். மருத்துவர் ஒரு தவணையில் ஒரு மருந்துக்கு மேல் சேர்ப்பதில்லை. இதனால் சிலர் மனம் கோணுவதும் உண்டு. மற்ற இடங்களில் இதே கட்டணத்துக்கு ஐந்தாறு சத்துகள் போடுகிறார்களே என்று கேட்பார்கள். அந்த ஐந்தாறின் பெயர்களையும் எழுதி வாங்கி வாருங்கள், டாக்டரிடம் காட்டிப் பேசலாம் என்பேன். இதுவரை எழுதி வாங்கி வந்தவர் ஒருவருமில்லை.