விடியுமுன் குட்டைக்குப் போங்கள்

அந்தக் கோடையில் ஒரு நாள் காலை கரையில் போய் நின்றால், எங்கள் பண்ணைக்குட்டையில் பெரிய மீன்களாகப் பார்த்துச் செத்து மிதந்தன. யாரோ பூச்சிமருந்தைக் கலந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். மீன் வளர்ப்பில் பழுத்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "பெருசுதானே செத்திருக்கு? குஞ்செல்லாம் ஓடுது பாருங்க. மருந்துன்னா குஞ்சையும் விட்டிருக்காது. இது மூச்சுமுட்டிச் செத்தது" என்றார். விரால்களும் பிழைத்திருந்தன. அவை மேலே வந்து காற்றையே நேராகக் குடிப்பவை.

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். ஆனாலும் அந்த ஏழரை இருந்திருந்தால் என் மீன்கள் பிழைத்திருக்கும். அதைக் குடித்துத் தீர்த்தது, நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீரின் பச்சை நிறம். சாணமும் தீவனமும் அள்ளிப் போட்டுப் பாசியை நானே பெருக்கியிருந்தேன். பகலில் வெயிலை வைத்து ஆக்சிஜன் தருகிற பாசி, இருட்டியதும் மீனைப் போலவே அதை இழுக்க ஆரம்பிக்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. முந்தைய நாள் முழுக்க மேகமூட்டம். பகலில் பாசி தந்த ஆக்சிஜனே குறைவு. அது தெரியாமல் மாலையில் வழக்கம்போல் தீவனமும் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

கோடை மழையிலும் கவனம் வேண்டும். மேலே சூடான தண்ணீரும் அடியில் குளிர்ந்த தண்ணீரும் கலக்காமல் கிடக்கும். பெருமழையும் காற்றும் வந்தால் ஆக்சிஜனே இல்லாத அடித்தண்ணீர் சேற்று நாற்றத்தோடு மேலே புரண்டுவிடும்.

இப்போது கையைத் தண்ணீருக்குள் நேராக இறக்கிப் பார்க்கிறேன். முழங்கை நனையும்வரை உள்ளங்கை தெரிந்தால் சரி. பாதியிலேயே மறைந்தால் பாசி அதிகம்; சாணத்தை உடனே நிறுத்துகிறேன். வெயில் காலம் முழுக்க நாலு மணிக்கு டார்ச்சோடு போகிறேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மோட்டாரைப் போட்டு, மேல்தண்ணீரை எடுத்துக் காற்றில் பீய்ச்சி அடிக்கிறேன். குழாயை அடியில் வைத்தால் சேற்றுத் தண்ணீர்தான் கலங்கி வரும்.

நேற்றும் மேகம் மூடிக் கிடந்தது. மாலைத் தீவனத்தை நிறுத்தினேன். விடியற்காலையில் நாலைந்து மீன்கள் மேலே வந்து தவித்தன. மோட்டார் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், தண்ணீர் விழுந்த பக்கமாகப் போய்க் கூடின. வெயில் ஏறும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை.