கொலையில் தொடங்க வேண்டாம்

அக்காவின் மகள் தரம் 9 படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டால் டியூசன், டியூசன் விட்டால் போன். அப்படிப்பட்டவள் "மாமா, துப்பறியிற கதை ஏதும் தாங்கோ" என்று வாய்விட்டுக் கேட்டபோது, ஆசையில் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் வரும் 'பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்' நாவலைத் தூக்கிக் கொடுத்தேன். முப்பது பக்கத்தோடு புத்தகம் தலையணைக்குக் கீழே போய்விட்டது. பிழை என்னில்தான்.

ஷெர்லக் ஹோம்ஸுக்கு நாவல்கள் 4தான், சிறுகதைகள் 56. சிறுகதையில் தொடங்கியிருக்க வேண்டும், அதுவும் கொலை இல்லாத ஒன்றில். 1891இல் வந்த செந்தலையர் சங்கக் கதையைப் பாருங்கள்: தலைமயிர் சிவப்பு என்பதற்காக ஒரு அடகுக்கடைக்காரருக்கு வேலை கிடைக்கிறது, ஒரு அறையில் இருந்து கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான், கிழமைக்கு 4 பவுண் சம்பளம். யார் இப்படிக் காசை இறைப்பார்கள், எதற்கு? இந்தக் கேள்வி போதும், பிள்ளை போனைக் கீழே வைத்துவிடும். அப்புறம் நீலக்கல் கதை. அதில் ஒரு பழைய தொப்பியை மட்டும் வைத்து அதன் சொந்தக்காரரின் குடும்ப நிலவரம் வரைக்கும் ஹோம்ஸ் சொல்வார். மருமகள் அன்றைக்கே என் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அக்கா இடையில் புகுந்து, தெரியாத இங்கிலிஷ் சொல்லையெல்லாம் கொப்பியில் எழுதச் சொன்னார். கும்பிட்டுத் தடுத்தேன். டியூசன் ஏற்கெனவே போதும்.

அகதா கிறிஸ்டியின் நாவல்களை ஆறுதலாகக் கொடுங்கள். 1920இல் வந்த ஸ்டைல்ஸ் மாளிகை நாவலில்தான் அவருடைய மீசைக்காரத் துப்பறிவாளர் புவாரோ முதன்முதலில் வருகிறார். பலர் கவனிப்பதில்லை, அந்த மனுசன் ஒரு அகதி. முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்தை விட்டு ஓடிவந்து, மற்ற அகதிகளோடு ஒரு பணக்கார அம்மாவின் தயவில் இங்கிலாந்துக் கிராமமொன்றில் இருக்கிறார், பிறகு அந்த அம்மாவே நஞ்சால் சாகிறார். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில், தென்மராட்சியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தவன் நான். எனக்கு அந்த மீசைக்காரர் வெள்ளைக்காரராகவே தெரியவில்லை. கிறிஸ்டி அந்தப் போர்க்காலத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தவர், அதனால் கதையில் நஞ்சு விசயமெல்லாம் சும்மா அளப்பு இல்லை. விஞ்ஞானத்தில் விருப்பமுள்ள பிள்ளைக்கு அதுவே ருசி.

அதற்குப் பிறகு 'ஏபிசி கொலைகள்', 1936. ஆங்கில எழுத்து வரிசையில் ஊர், அதே எழுத்தில் ஆள், கொலைக்கு முன்பே புவாரோவுக்குக் கடிதம்.

ஒரே ஒரு கட்டுப்பாடு: முடிவைச் சொல்லாதீர்கள், சைகையாலும் கூட. முந்தாநாள் இரவு பதினொரு மணிக்கு எனக்குக் கோல் வந்தது. "மாமா, ஆர் எண்டு கண்டுபிடிச்சிட்டன்!" பெயரையும் சொன்னாள். பிழை. "ம்ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.