பாவைப்பிள்ளையின் இடுப்பு

புறக்கோட்டைக் கடையொன்றில் இன்று ஒரு சின்னப்பிள்ளை பார்பியின் இடுப்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

1965இல் வந்த ஒரு பார்பியோடு 110 இறாத்தல் காட்டும் தராசும், 'சாப்பிடாதே' என்று அச்சிட்ட குட்டிப் புத்தகமும் வந்தன. கொடுமை! பருத்த இடுப்புள்ள பார்பி வர 2016 ஆனது.

பொம்மையைப் பறிக்காதீர்கள். சாறி உடுத்தக் கொடுங்கள்.

பதினொன்றரை அங்குல உருவம், ஆள் உயரத்தில் ஆறிலொரு பங்கு அளவு. சாறிக்கு நீளம் 90 சென்ரிமீற்றர், அகலம் 19 போதும். பழைய வொயில் துணி நல்லது. பட்டு விறைத்து நிற்கும். கொய்யகம் கூடினால் இடுப்பில் குவியும். சட்டைக்குப் பின்பக்கம் முழுத் திறப்பு விடுங்கள், இல்லாவிட்டால் பொம்மையின் விரல்கள் சட்டைக் கையில் சிக்கும்.

தைக்கும்போது அந்த இடுப்பை நாடாவால் அளந்து, பிள்ளையே ஆறால் பெருக்கட்டும். பிறகு அம்மாவின் இடுப்பையும் அளக்கட்டும்.