உறை மோர்

டிசம்பரில் நியூஜெர்சிக்கு மகள் வீட்டுக்குப் போய், 5 மாதம் கழித்துப் போன வாரம்தான் மதுரைக்குத் திரும்பினோம். 9½ மணி நேர வித்தியாசத்துக்கு உடம்பு இன்னும் பழகவில்லை. ராத்திரி 2 மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு அரிசியில் வண்டு சலிக்கிறேன். இன்வெர்ட்டர் பேட்டரியும் போய்விட்டது; சரி, அது அவர் பாடு.

என் பாடு, வீட்டில் உறை ஊற்ற மோர் இல்லாததுதான். எதிர்வீட்டு அக்காவிடம் டம்ளரை நீட்டினேன்.

"இந்த வெயிலுக்கு ஒரு சொட்டு போதும்டி" என்றார்.

அங்கே குளிருக்கு இரண்டு கரண்டி தாராளமாக ஊற்றி, ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க வைப்பேன். கை அதே அளவை இங்கேயும் ஊற்றிவிட்டது. சாயங்காலம் பார்த்தால் பல் கூசும் புளிப்பு. நாளைக்கு மோர்க்குழம்புதான்.