டெசரக்ட் 5, ஹட்டன்

ஒக்டோபர் 21
டெசரக்ட் என்பது ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள். இங்கே உள்ள லினக்ஸான டெபியன் 11இல், மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை தருவது டெசரக்ட் 4.1.1. புதிய 5 வேகம், ஆனால் ஸ்கேனர் டிரைவருக்காக டெபியன் 12க்கு ஏற முடியாது. 12இன் டெப் பேக்கேஜ் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து திணிக்கலாம் என்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம். ஏறக்குறைய எல்லா நிரலும் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான லிப்சி அங்கே 2.36, இங்கே 2.31. அதை மட்டும் உயர்த்தப் போனால் மற்ற எல்லாம் ஆட்டம் காணும். மூலநிரலிலிருந்து நாமே கட்டுவதுதான் வழி.

ஒக்டோபர் 22
மழை. கரண்ட் இல்லை.

ஒக்டோபர் 23
கட்டத் தேவையானவை பில்ட்-எசென்ஷியல், ஓட்டோகொன்ஃப், ஓட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கொன்ஃபிக், லிப்லெப்டோனிகா-டெவ்: எல்லாம் ஆப்டிலேயே. 'டெவ்' பேக்கேஜ் இல்லாவிட்டால், படங்களைத் திறக்கும் நூலகமான லெப்டோனிகா இருந்தும், கட்டும் முன் தேவைகளைச் சரிபார்க்கும் கொன்ஃபிகர் "1.74 அல்லது அதற்கு மேல் தேவை" என்று நின்றுவிடும், கொம்பைலருக்கு வேண்டிய ஹெடர் கோப்புகள் 'டெவ்'இல்தான் உள்ளன.

லெப்டோனிகாவையும் கையால் கட்டச் சொல்கிறார்கள். வீண் வேலை. அதில் டிஃப் (ஸ்கேன் படங்களின் கோப்பு வகை) ஆதரவு விடுபட்டால் ஸ்கேன் செய்த ஒரு பக்கமும் திறக்காது. பேக்கேஜாக இருந்தால் டிஃப், பிஎன்ஜி நூலகங்களின் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு 2026 ஓகஸ்ட் 31 வரை திருத்தம் வரும். டெசரக்டுக்கு மட்டும் நாம் பொறுப்பு.

ஒக்டோபர் 24
வரிசை: ஓட்டோஜென், கொன்ஃபிகர், கடைசியில் நிரலைக் கட்டும் மேக். 2 ஜிபி ராமில் 'ஜே4' (ஒரே நேரத்தில் நான்கு வேலை) வேண்டாம்: "கில்ட்" என்று கொம்பைலரான சிசி1பிளஸ்பிளஸ் விழும். கொம்பைலரில் பிழை இல்லை, நினைவகம் தீர்ந்து கேர்னல் கொன்றது. 'ஜே1', காலையிலேயே. மத்தியானத்துக்குப் பிறகு இடி.

ஒக்டோபர் 25
இடி. கரண்ட் நடுவில் போனது. மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது பாதி உண்மை. கொம்பைலர் எழுதி முடியாத 'ஓ' கோப்பு வெறுமையாகக் கிடந்தாலும், நேர முத்திரை புதிது என்பதால் மேக் அதைத் தொடாது. கடைசியில் அவற்றை இணைக்கும் லிங்கர் "ஃபைல் ட்ரங்கேட்டட்" என்று கத்தும். 'ஃபைண்ட்' கட்டளையில் அளவு 0 கொடுத்துத் தேடி அழிக்க வேண்டும். லிப்டூல் வழியாகக் கட்டும்போது மேக் பார்ப்பது, அதனுடன் வரும் 'எல்ஓ' கோப்பை. அதையும் சேர்த்து அழித்தால்தான் மறுபடி கட்டும்.

ஒக்டோபர் 27
நிறுவியாயிற்று. வெர்ஷன் கேட்டால் இன்னும் 4.1.1! கட்டளைகளை வாங்கும் பாஷ் பழைய பாதையை நினைவில் வைத்திருக்கிறது, மறக்கவைக்க 'ஹாஷ் -ஆர்'. அடுத்து அதன் நூலகம் லிப்டெசரக்ட் 5ஐக் காணோம்: நூலகப் பட்டியலைப் புதுப்பிக்க 'எல்டிகொன்ஃபிக்'. அடுத்து தமிழ்த் தரவைக் காணோம்: அது பேக்கேஜின் 4.00/டெஸ்டேட்டா கோப்புறையில், டெஸ்டேட்டா_ப்ரிஃபிக்ஸ் என்ற சூழல் மாறி நேரே அதைக் காட்ட வேண்டும், மேல் கோப்புறையை அல்ல. கட்டிய கோப்புறையை அழிக்கக்கூடாது. பின்னால் நீக்கும் 'மேக் அன்இன்ஸ்டால்' அங்கிருந்துதான் ஓடும்.

ஒக்டோபர் 28
வேகம் நன்று. ஆனால் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் வரும், தும்பிக்கை வைத்த பழைய ணை, லை, னை எல்லாவற்றையும் முன்போலவே தப்பாக வாசிக்கிறது.

ஒக்டோபர் 29
மறுபடி ணை. எஞ்சின் மாறியது, தரவுக் கோப்பு மாறவில்லை; வேறென்ன வரும்?

நவம்பர் 1
பழைய எழுத்துகளைக் கற்பிக்க வேண்டும். பேக்கேஜில் வருவது 'ஃபாஸ்ட்' தரவு, அதன்மேல் பயிற்சி ஏற்ற முடியாது. 'பெஸ்ட்' தரவு வேண்டும். பயிற்சிக் கருவிகளுக்கு வேண்டிய ஐசியு, பாங்கோ, கெய்ரோ நூலகங்களின் 'டெவ்'கள் போட்டு, கொன்ஃபிகரை மறுபடி ஓட்டி, 'மேக் ட்ரெயினிங்'. நாளைக் காலை, கரண்ட் இருந்தால்.