ஒரு சிட்டிகைப் பஞ்சு

"சூடு வந்தா போதும் தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று பெரியவர் சொன்னதில் புதுசாக ஒன்றுமில்லை. துணி உலர்த்தும் டிரையர் இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் போகிற எவனும் தினம் கேட்கிற பேச்சுதான். துணி காய ரெண்டு சுற்று மூணு சுற்று ஆகிறது, ஹீட்டர் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் ஹீட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கோளாறு, ஈரக்காற்றை வெளியேற்ற சுவருக்குள் போகும் குழாயில் இருக்கும். அதை வீட்டுக்காரருக்குப் புரியவைப்பதுதான் பாதி வேலை. பிரஷ் ஓட்டுவதெல்லாம் மீதிப் பாதி, அதை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

இந்த வீட்டிலும் அதே நிலைமை. சூடு போதவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உள்ளே சூடு வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போகக் காற்றுதான் இல்லை. இயந்திரத்தை முன்னால் இழுத்தால், பின்னாலிருந்த ஃபாயில் குழாய் சுவரோடு சேர்த்து நசுங்கிக் கிடந்தது. சுவருக்குள் நாலு எல்போ, அதாவது குழாய் வளைவுகள். பொதுவாகப் பின்பற்றும் கணக்குப்படி நேர்க்குழாய் 35 அடி வரை போகலாம், ஒவ்வொரு 90 பாகை எல்போவுக்கும் 5 அடி கழிக்க வேண்டும். அப்படியானால் அங்கே 15 அடிதான் மிச்சம். போட்டவர் அந்தக் கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை. இணைப்புகளில் திருகாணி வேறு அடித்திருந்தார். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு திருகாணி முனையிலும் துணியிலிருந்து உதிரும் பஞ்சு சிக்கி, அதன்மேல் பஞ்சு ஏறி, குழாயின் வாய் சுருங்கியிருந்தது. வெளிச்சுவரில் இருக்கும் மூடி ஈரப்பஞ்சு ஒட்டிப் பாதி திறந்தபடி நின்றது.

இதெல்லாம் பார்த்துப் பழகியதுதான். பழகாத ஒன்று பின்பலகையைக் கழற்றியபோது கிடைத்தது. தெர்மல் ஃபியூஸுக்குப் போக வேண்டிய ரெண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள்.

தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காற்று அடைபட்டால் ஹீட்டரைச் சுற்றிச் சூடு ஏறும். முதலில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டும். அதையும் மீறினால் உச்சவரம்புத் தெர்மோஸ்டாட் குறுக்கே வரும். அதற்கும் மேலே போனால் ஃபியூஸ் எரிந்து அறுந்துவிடும். அறுந்தால் அறுந்ததுதான், தானாக மறுபடி சேராது. குழாயைப் பார் என்று அந்த இயந்திரம் சொல்லக்கூடிய கடைசிப் பேச்சு அது. நமக்கு முன்னால் வந்த யாரோ அதன் வாயைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். அவர் வந்துபோனபிறகு டிரையர் மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது. பெரியவர் அவரை நல்ல வேலைக்காரர் என்றே சொன்னார். பத்து நிமிஷத்தில் சரிபண்ணிக் கொடுத்தாராம்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒயரைப் பிரித்துப் புது ஃபியூஸ் போட வேண்டும், ஃபாயிலைத் தூக்கிப்போட்டு விறைப்பான உலோகக் குழாய் மாட்ட வேண்டும், சுவருக்குள் இருப்பதை முழுக்கச் சுத்தம் செய்ய வேண்டும். காற்றழுத்தம் அளக்கும் மேனோமீட்டரை மாட்டி, குழாயில் இருந்த அழுத்தத்தையும் காட்டினேன். முள் இருக்க வேண்டிய வரம்பைத் தாண்டி நின்றது. அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டினார். அப்புறம், "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே தம்பி. ஹீட்டர மட்டும் மாத்திடேன்" என்றார்.

அவர் கஞ்சத்தனமான ஆள் இல்லை. மனைவி நடமாட முடியாதவர், சக்கர நாற்காலியில் இருந்தார். தினமும் விரிப்பு மாற்ற வேண்டும், தினமும் துவைக்க வேண்டும். சுவர் வேலை என்றால் இயந்திரம் எத்தனை நாள் நிற்குமோ என்ற கவலைதான் அவருக்கு. எனக்கு அது அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்துதான் அடுத்ததைச் செய்தேன்.

குழாயிலிருந்து உருவி எடுத்த பஞ்சில் ஒரு சிட்டிகை கிள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். சிமெண்ட் படியில் வைத்து லைட்டரைக் காட்டினேன்.

காய்ந்த துணிப்பஞ்சு எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? பற்றிக்கொள்ளும் நேரமே தெரியாது. குப்பென்று எழும்பி, எதுவும் மிஞ்சாமல் போய்விடும். பெரியவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பின்னால், கதவோரத்தில், நாற்காலியில் அந்த அம்மா இருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"அது நம்ம வீட்ல இருந்து எடுத்ததா?"

"ஆமாம்மா."

"சுவத்துக்குள்ள இருந்தா?"

"ஆமா."

பெரியவர் உடனே, "எல்லாத்தையும் பண்ணிடு தம்பி" என்றார். ஹீட்டரைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை.

பண்ணினேன். ஃபியூஸ் புதுசு, குழாய் புதுசு, திருகாணிகளை எடுத்துவிட்டு உலோக டேப். கம்பி பிரஷை இரு முனையிலிருந்தும் ஓட்டி, டிரையரின் உடலைத் திறந்து ஹீட்டர் பக்கமிருந்த பஞ்சையும் வழித்தெடுத்தேன். முள் இறங்கி நின்றது. வேலையைப் பொறுத்தவரை எனக்கு இன்றுவரை ஒரு உறுத்தலும் கிடையாது. கிளம்பும்போது சொல்ல வேண்டியவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் டிரையரில் பஞ்சைப் பிடிக்கிற வலையை எடுத்துத் துடையுங்கள். டிரையர் ஓடும்போது தூங்கப் போகாதீர்கள், வெளியே போகாதீர்கள். உடம்புக்குத் தேய்க்கிற எண்ணெய் பட்ட துண்டை இதில் போடாதீர்கள். துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போகாது, சூடான துணிக்குவியலுக்குள் தானாகவே சூடேறிப் பற்றும், அதற்கும் குழாய்ச் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. அந்த வீட்டில் அப்படிப்பட்ட துண்டுகள் கூடை நிறைய இருந்தன, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இனிமே எரியாதுல்ல தம்பி?" என்றார்.

நான், "சொன்னபடி பாத்துக்கிட்டா கவலையில்லைம்மா" என்றேன். எச்சரிக்கையான பதில். எந்த வேலைக்காரனும் அப்படித்தான் சொல்வான்.

அடுத்த முறை வருடாந்தரச் சுத்தத்துக்கு அவர்களே கூப்பிட்டார்கள். குழாயைத் திறந்தால், நான் விட்டுவந்தபடி பளிச்சென்று இருந்தது. எத்தனை ஒழுங்காக வைத்திருந்தாலும் கொஞ்சமாவது பஞ்சு படியத்தான் செய்யும். ஒரு இழைகூட இல்லை. "ஓட்டவே இல்லையா ஐயா?" என்று கேட்டேன். "அவ விடமாட்டேங்கறா" என்றார். அப்புறம்தான் கவனித்தேன். நாற்காலி முதுகு, கதவு, மாடிப்படிக் கைப்பிடி எல்லாவற்றிலும் விரிப்புகள் தொங்கின. அறைக்குள் ஈரவாடை. பிளக்கைப் பிடுங்கி மேலே சுருட்டி வைத்திருந்தார்கள். அந்த வயதில் மனிதர் விரிப்பைக் கையால் பிழிந்துகொண்டிருக்கிறார்.

அம்மாவிடம், "நான்தான் சுத்தமா பண்ணிக் குடுத்தேனேம்மா" என்றேன்.

"பண்ணினே. நீ கொளுத்திக் காட்டினது கண்ணுக்குள்ளயே நிக்குது. இனிமே எரியாதுல்லன்னு கேட்டேன். எரியாதுன்னு நீ சொல்லலையே."

இதற்கு என்ன பதில் சொல்வது? எரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்லியிருந்தால் பொய். ஆனால் எரியும் என்று காட்டினேனே, அது எவ்வளவு உண்மை? இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். பஞ்சு எரியும் என்பது உண்மை. அது அவர்கள் குழாயிலிருந்து வந்தது என்பதும் உண்மை. ஆனால் சுவருக்குள் கிடக்கும் பஞ்சுக்கு யாரும் லைட்டர் வைப்பதில்லை. காற்று அடைபட்டு, ஹீட்டர் பக்கம் சூடு ஏறி, உடலுக்குள் படிந்த பஞ்சு முதலில் கனிய வேண்டும். அந்தப் பொறியைக் காற்றாடி இழுத்துக் குழாய்க்குள் விட வேண்டும். சுவர்ப் பஞ்சு அதன்பிறகு வருகிற விறகு. அந்த இயந்திரத்தில் உண்மையான ஆபத்து முறுக்கி வைத்த அந்த ரெண்டு ஒயர். அதைக் கொளுத்திக் காட்ட வழியில்லை. எது சுலபமாக எரியுமோ அதைக் காட்டினேன்.

சரி, காட்டாமல் விட்டிருந்தால்? பெரியவர் ஹீட்டரை மட்டும் மாற்றச் சொல்லியிருப்பார். நான் மறுத்து, ஒயரைப் பிரித்துவிட்டு, பில்லில் குறிப்பு எழுதிவிட்டு வந்திருப்பேன். ஓடாத இயந்திரத்தோடு அவர் அந்தப் பழைய 'நல்ல வேலைக்காரரை'க் கூப்பிட்டிருப்பார். அவர் பத்து நிமிஷத்தில் மறுபடி முறுக்கிக் கொடுத்திருப்பார். இது என் கற்பனைதான் என்றாலும் நடந்திருக்கும் என்றே நம்புகிறேன். அப்படிப் பார்த்தால் லைட்டர் அவர்களைக் காப்பாற்றியது. காப்பாற்றியதா என்று நிரூபிக்கத்தான் முடியாது. வராத தீக்கு என்ன சாட்சி இருக்கிறது?

எண்களிடம் போனால் அதுவும் இரண்டு பக்கமும் பேசுகிறது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான ஆண்டுகளுக்குப் போட்ட மதிப்பீட்டில், வீட்டு டிரையர் தீ ஆண்டுக்குச் சுமார் 2,900. இறப்பு 5, காயம் 100. காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாமல் விட்டதற்கு, 34 சதவீதம். இந்த 34ஐத்தான் நாங்கள் எல்லோரும் வாடிக்கையாளரிடம் சொல்வோம். அந்த 5ஐச் சொல்வதில்லை. கோடிக்கணக்கான இயந்திரங்கள் ஓடுகிற நாட்டில் 2,900 என்றால், 'இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே' என்ற பெரியவரின் கணக்கும் கணக்குதான். ஆனால் அந்த நாட்டு இயந்திரங்கள் எல்லாவற்றிலும் ஃபியூஸை முறுக்கி வைத்திருக்கவில்லை. அவருடையதில் வைத்திருந்தார்கள்.

எங்களோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பயந்தது நல்லதுதான்டா, பயப்படாதவன் வீட்லதான் எரியுது" என்று முடித்துவிட்டார். தீப்பிடித்த வீட்டுக்குள் போய் வந்தவர் அவர், அந்தப் பேச்சுக்கு அவருக்கு உரிமை உண்டு. எனக்கு அது முழுதாக ஒட்டவில்லை. பயந்தவர்கள் சொன்னபடி செய்கிறார்கள் என்றால் சரி. அந்த வீட்டில் என் பேச்சில் மிஞ்சியது நெருப்பு மட்டும்தான். வலை, தூக்கம், எண்ணெய்த்துண்டு எதுவும் மிஞ்சவில்லை. இரண்டாம் முறை போனபோது எண்ணெய்த்துண்டைப் பற்றி மறுபடி கேட்டேன், அப்படி ஒன்றை நான் சொன்னதாகவே இருவருக்கும் நினைவில்லை. நாளைக்கு அம்மாவின் மனசு மாறி டிரையரை ஓட்டினால், குழாய் சுத்தமாக இருக்கும், கூடையில் அந்தத் துண்டுகளும் இருக்கும்.

அன்றைக்கு நான் கொஞ்சம் அதிகநேரம் இருந்தேன். பிளக்கைச் செருகி, அவர்கள் கண்முன்னாலேயே ஒரு சுற்று முழுக்க ஓட்டினேன். வெளியே மூடி திறந்து காற்று வருவதில் அவர் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். எண்ணெய்த்துண்டுக்குத் தனிக் கூடை வைக்கச் சொல்லி, அதில் பெரிசாக எழுதியும் ஒட்டினேன். அம்மா சுற்று முடியும்வரை இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதன்பிறகு ஓட்டுகிறார்களா என்று அடுத்த சுத்தத்தின்போதுதான் தெரியும். பஞ்சு இருந்தால் சந்தோஷப்படுவேன் என்று நினைக்கிறேன். இந்தத் தொழிலில் அப்படி நினைப்பது விசித்திரம்தான்.

நான் இப்போது முதலில் மேனோமீட்டரைத்தான் காட்டுகிறேன். வலையைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்து, துணி மென்மையாக்கும் தாளின் பசை படிந்ததால் தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்பதைக் காட்டுகிறேன். தலையாட்டுகிறார்கள். பலர் ஹீட்டரை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் கை பையில் இருக்கும் லைட்டருக்குப் போகிறது. சில வீடுகளில் எடுத்தும் இருக்கிறேன்.

என்னோடு வேலை பழகிய பையன் இப்போது தனியாகப் போகிறான். முள்ளை யாரும் பார்ப்பதில்லை அண்ணே என்பான். அவன் மேனோமீட்டரை வண்டியிலேயே விட்டுவிட்டு, நேராகப் பஞ்சைக் கொளுத்திக் காட்டுகிறான். அவன் போகிற வீடுகளில் முழு வேலைக்கும் மறுக்கிறவர்கள் குறைவு, முறுக்கி வைத்த ஃபியூஸ் கிடைத்தால் ஒன்றையும் விடாமல் மாற்றிவிட்டுத்தான் வருகிறான். நிறுத்து என்று நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.